இரண்டாம் வகுப்பில் நானும்

ஜூலை 7, திங்கள்

காலையிலேயே புழுக்கம். கடல் காற்று இல்லை. மணலி ஆலைகளின் வாடை மட்டும் நேரத்துக்கு வந்துவிட்டது.

முதலில் மானம் போன கதை. ஜாக்கெட்டை உள்பக்கம் வெளியாகப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத் தலைமை டீச்சரான பெரிய மிஸ் அறையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். தையல் எல்லாம் வெளியே. அக்குளில் வைத்த ஒட்டுத் துணியும் வெளியே. பெரிய மிஸ் என் முகத்தைப் பார்க்காமல் தோளையே பார்த்துப் பேசினார். தோளில் ஏதோ கம்பீரம் போலிருக்கிறது என்று நான் இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வீட்டுக்கு வந்தபின் நாத்தனார் ராணி சொல்லித்தான் தெரிந்தது.

கூப்பிட்ட காரணம் என் பெண் மோனி. வெள்ளிக்கிழமை வகுப்பு ஜன்னல் கம்பியில் ஏறி, விழுந்து, மோவாயில் மூன்று தையல். விழுந்தது வெறும் தரையில் இல்லை, கீழே உட்கார்ந்திருந்த ஒரு பையன் மேல். அவனுக்கு உதடு வீக்கம். அவன் அம்மா பள்ளிக்கூடத்துக்கே வந்து கத்திவிட்டுப் போனாளாம்.

ஏழு வயதுக்குள் என் பெண் பார்த்தவை: காரை எலும்பு முறிவு. முன்பல் இரண்டு, தானாக விழும் வயதுக்கு முன்பே. தொடையில் கொதிக்கிற டீ. மூக்கில் பட்டாணி. இப்போது மோவாய். ராணி சொல்வாள், "இன்னா அண்ணி, உம் பொண்ணுக்கு ஒடம்பா, ரோடா? தோண்றதும் மூட்றதுமாவே கீது." சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது.

போன மாதம் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பேர் சொல்லிவிட்டார். ஏ.டி.எச்.டி. நாலு எழுத்து. நான் படித்ததும் நாலு வகுப்பு, சரியாகப் போயிற்று. மனசு ஓடுகிற வேகத்துக்குப் பிரேக் பிடிக்காதாம். வேண்டுமென்று செய்வதில்லையாம். இதையெல்லாம் பெரிய மிஸ்ஸிடம் சொன்னேன்.

"ஏம்மா, எல்லாப் பசங்களும்தான் ஓடுது. கண்டிச்சு வளர்க்கணும். அதுக்கு ஒரு பேரா?" என்றார். பிறகு, "இன்னொரு தடவை அந்த வகுப்புல ரத்தம் பார்த்தேன், டி.சி.தான். நாப்பது பிள்ளைங்க இருக்கு. இவ பக்கத்துலயே யாரு உக்கார்றது? நீங்க வந்து உக்காருவீங்களா?"

குத்தலாகக் கேட்டது. எனக்குத் தெரியாதா, ஊருக்கே குத்தல் சப்ளை செய்கிறவள் நான். ஆனால் வாய் முந்திக்கொண்டது.

"உக்கார்றேன் மிஸ். எத்தினி மணிக்கு வரணும்?"

அவருக்குச் சொன்னதை முழுங்க முடியவில்லை. வெள்ளி வரை உட்காரச் சொன்னார். வெள்ளி மதியம் முடிவு சொல்வாராம்.

டி.சி. கொடுத்தால் அடுத்த பள்ளிக்கூடம் கிடையாது. பயந்துபோய்ச் சனிக்கிழமையே இரண்டு இடத்தில் கேட்டுப் பார்த்தேன், மோவாயில் போட்டிருந்த கட்டைப் பார்த்ததும் சீட் இல்லை என்றார்கள். அப்புறம் என்னோடு ரோட்டுக்குத்தான் வர வேண்டும். துறைமுகத்துக்குள் போகக் காத்து நிற்கிற டிரெய்லர் வரிசைக்கு நடுவே கூடையோடு நடந்து வடை, சுண்டல் விற்கிற வேலை எனக்கு. போன லீவில் கூட்டிப்போனேன். பூனைக்குட்டியைப் பார்த்தேன் என்று ஒரு டிரெய்லருக்கு அடியில் புகுந்துவிட்டாள். வண்டி நகர ஆரம்பித்திருந்தது. அன்றைக்கு அந்த டிரைவரைப் பார்த்து நான் கத்தியது தமிழே இல்லை.

அதற்குப் பிறகு கூட்டிப்போகவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

வெயில். கூடையை ராணியிடம் கொடுத்தாயிற்று.

"டிரைவருங்க கேட்டா இன்னா சொல்றது அண்ணி?"

"மேல்படிப்புக்குப் பூட்டாங்கன்னு சொல்லு."

2-பி. கடைசி பெஞ்சு. சுவரோரம் மூன்று பிள்ளைகள், பிறகு மோனி, ஓரத்தில் நான். பெஞ்சு என் முழங்கால் உயரம்கூட இல்லை. வகுப்பு மிஸ் பேர் ஜெசிந்தா, சின்னப் பெண், கல்யாணம் ஆகவில்லை. என்னைப் பார்த்துப் பயந்துவிட்டாள். போர்டில் தேதியையே தப்பாக எழுதி அழித்தாள்.

மோனிக்கு அந்தப் பக்கம் இருந்த பையன் எட்டிக் காதோடு கேட்டான்: "ஆன்ட்டி, நீங்க ஃபெயிலா?"

"ஆமாடா. முப்பது வருசமா."

இன்டர்வெல்லுக்கு முன்னால் மோனி செய்தவை: பென்சிலைக் கீழே போட்டது, எடுக்கப் போனது, போன இடத்தில் எறும்பைப் பார்த்தது, எறும்பின் பின்னாலேயே மூன்றாவது பெஞ்சு வரை போனது. தண்ணீர் பாட்டில் மூடியைக் கடித்தது. ஜெசிந்தா மிஸ் கணக்குக் கேட்டபோது கேட்டு முடிப்பதற்குள் பதில். "கை தூக்கிட்டுச் சொல்லும்மா." கை தூக்கினாள். அப்புறம் எழுந்தாள். அப்புறம் பெஞ்சு மேல் ஏறினாள். "இறங்கு, இறங்கு" என்று வகுப்பே கத்தியது. பதில் சரியான பதில். அதை யாரும் கவனிக்கவில்லை.

நடுவில் கொஞ்ச நேரம், 'அம்மா' பாடம் எழுதும்போது, நாக்கைக் கடித்துக்கொண்டு ஒழுங்காக எழுதினாள். ஜெசிந்தா மிஸ் அப்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். சும்மா இருக்கும்போது யாரும் இவளைப் பார்ப்பதில்லை. நான் மட்டும் பார்த்தேனா இத்தனை நாள்?

மதியம் வாசலில் சோறு ஊட்ட வந்த அம்மாக்கள். உதடு வீங்கின பையனின் அம்மாவும் இருந்தாள். என் காதில் விழவேண்டும் என்றே பக்கத்துப் பெண்ணிடம்: "வயசு போன காலத்துல பெத்தா இப்டித்தான். அதுவும் ரோட்டுல சுத்துற வளர்ப்பு."

சாதாரணமாக எனக்கு மூன்று பதில் வரும். வாயில் தயிர் சோறு இருந்தது. அதனால்தான் என்று வைத்துக்கொள்வோம்.

சாயந்திரம் கட்டு மாற்ற ஆஸ்பத்திரி. புதிதாக வந்த சின்ன டாக்டர் என்னை வெளியே நிற்கச் சொன்னார். திரைக்குப் பின்னால் நின்றேன்.

"அம்மா அடிப்பாங்களா பாப்பா?"

"இல்ல. கிண்டல்தான் பண்ணுவாங்க."

சின்ன டாக்டர் சிரித்தார். மோனியும் சிரித்தாள்.

ஜூலை 9, புதன்

காலையில் தூறல். பள்ளிக்கூட வராந்தா வழுக்கல்.

இன்டர்வெல்லில் ஒரே நொடிதான் திரும்பினேன், யாரோ ஒரு குழந்தை ஷூ கட்டச் சொன்னது. அதற்குள் மோனி படிக்கட்டில். முட்டி சிராய்ப்பு. ரத்தம் இரண்டு சொட்டு. பெரிய மிஸ் வராந்தாவின் அந்தக் கோடியில் வந்துகொண்டிருந்தார். முந்தானையால் ஒற்றி, சாக்ஸை முட்டிக்கு மேல் இழுத்துவிட்டேன்.

"ம்மா, இது பொய்யா?"

"பொய் இல்லடி. சாக்ஸு."

பெரிய மிஸ் கிட்டே வந்ததும் நான் பல்லைக் காட்டினேன். திருடனுக்கும் எனக்கும் அப்போது வித்தியாசம் சாக்ஸ் மட்டும்தான். சுங்கச்சாவடி போலீஸையே கேலி செய்கிற வாய் இது. சின்ன முட்டியில் இரண்டு சொட்டு ரத்தம், அதை மறைக்க இத்தனை நடிப்பு.

வீட்டில் இவர், மோனியின் அப்பா. ஹார்பரில் கப்பல் மேல் கண்டெய்னர்களை இரும்புக் கம்பி போட்டுக் கட்டுகிற வேலை. டாக்டரம்மா எழுதின மாத்திரை பற்றி மறுபடி பேச்சு.

"அத்தக் குடுத்தா புள்ள பொம்ம மாதிரி ஆய்டுமாம்."

"யாரு சொன்னது?"

"கூட வேல செய்றவன்."

"டாக்டரா?"

"கிரேன் ஓட்றான்."

அப்புறம் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "கடல்ல ஆடாம இருக்கத்தான் கண்டெய்னரையே கட்டறோம். இத எப்டிக் கட்றது?" சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கண் சிரிக்கவில்லை. மோனி அந்த நேரத்தில் பீரோ மேல் இருந்தாள். எப்படி ஏறினாள் என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

ஜூலை 10, வியாழன்

கட்டினேன்.

காத்திவாக்கத்தில் கழிமுகத்துச் சேற்றில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிக்கும்போது எங்கம்மா என்னைத் தன் இடுப்போடு கயிறு போட்டுக் கட்டிக்கொள்வாள். எல்லாப் பெண்களும் அப்படித்தான். ஆழத்துக்குப் போனால் இழுத்துக்கொள்ளலாம். நேற்று இவர் சொன்னதும் அது ஞாபகம் வந்தது. காலையில் பெஞ்சில் உட்கார்ந்ததும் என் முந்தானை நுனியை மோனியின் யூனிஃபார்ம் பெல்ட்டில் முடிச்சுப் போட்டேன். வெளியே தெரியாது. எழுந்தால் எனக்குத் தெரியும், லேசாக இழுத்தால் உட்காருவாள்.

முடிச்சுப் போடும்போது காதில் சொன்னேன்: "வாடி என் நாய்க்குட்டி. வாலாட்டாம ஒக்காரணும்." சும்மா, வழக்கம் போல. அவளும் சிரித்தாள்.

என்னவோ வேலை செய்தது. எறும்பு இல்லை, பெஞ்சு ஏறுதல் இல்லை. பத்தரை மணிக்குப் பெரிய மிஸ் வாசலில் வந்து நின்று பார்த்தார். "பரவாயில்லையே. நல்ல பொண்ணா உக்காந்திருக்காளே" என்றார். முடிச்சு அவர் கண்ணில் படவில்லை. மோனிக்கு முகம் மலர்ந்தது. எனக்கும்தான். வெட்கமில்லாமல்.

இன்டர்வெல்லில் அவிழ்த்துவிட்டேன். ஜெசிந்தா மிஸ்ஸிடம் நாலு வார்த்தை பேசிவிட்டு வெளியே வந்து பார்த்தால் வராந்தாவில் ஒரு கூட்டம். நடுவில் என் பெண், நாலு காலில். சுற்றி நின்று, "நாய்க்குட்டி, நாய்க்குட்டி." காலையில் நான் சொன்னது பக்கத்துப் பையன் காதில் விழுந்திருக்கிறது. மோனியும் குரைத்தாள், நன்றாகவே குரைத்தாள், எல்லோரும் ரசிக்கிறார்கள் என்று சந்தோஷம். ஒருத்தன் தரையில் பிஸ்கட் போட்டான். அவள் வாயால் எடுத்தாள்.

நான் போய்த் தூக்கினேன். யாரையும் திட்டவில்லை. யாரைத் திட்டுவது? ஜோக்கு என்னுடையது.

வீட்டுக்கு வரும் வழியில் மோனி:

"ம்மா, நாளிக்கும் கட்டுவியா?"

"ஏன்டி?"

"கட்னாதான் மிஸ் நல்ல பொண்ணுங்கறாங்க."

எண்ணூர்ப் பக்கம் போகிற லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டே இருந்தன. ரோட்டைக் கடக்க ரொம்ப நேரம் ஆயிற்று. அவள் கையை நான் பிடித்திருந்த பிடியில் விரல் சிவந்துவிட்டது. அவள் சொல்லவேயில்லை.

ராத்திரி சாப்பாட்டில் இவரிடம் சொன்னேன், மாத்திரை வாங்கப் போகிறேன் என்று. கிரேன்காரனைப் பற்றி ஒரு வார்த்தை பேசினால் கரண்டி பறக்கும் என்றும் சொன்னேன். அவர் மோர் மட்டும் கேட்டார்.

ஜூலை 11, வெள்ளி

மேகமூட்டம், மழை இல்லை. இன்றைக்கு முடிவு.

கட்டவில்லை. காலையில் தலை பின்னும்போது சொன்னது இது மட்டும்: "இன்னிக்கி ஒரு நாளு. யாரு வந்தாலும், இன்னா ஆனாலும், ஒக்காந்த எடத்த வுட்டு எந்துக்கவே கூடாது. சரியா?"

"சரி."

"சாமி மேல சத்தியமா?"

"எந்த சாமி?" என்றாள். அவள் கையில் தர்கா தாயத்து, கோயில் கயிறு, மாதா கோயில் மணி எல்லாம் இருக்கிறது. நியாயமான கேள்வி.

சாப்பாட்டுக்குப் பிறகு ஜெசிந்தா மிஸ் தானாகவே மோனியை முதல் பெஞ்சுக்கு மாற்றினாள். டஸ்டரை அவள் கையில் கொடுத்து, "கேக்கும்போது நீட்டணும், இது உன் பொறுப்பு" என்றாள். நான் கடைசி பெஞ்சின் ஓரத்தில், நடுவே மோனியின் இடம் காலி, அந்தக் கோடியில் மூன்று பிள்ளைகள். பின்னாலிருந்து பார்த்தேன். டஸ்டரை நீட்டுவது, வாங்குவது. நீட்டுவது, வாங்குவது. எழுந்திருக்கவில்லை. கால் மட்டும் பெஞ்சுக்கு அடியில் ஆடிக்கொண்டே இருந்தது. போகப்போக வேகமாக ஆடியது. அது ஆடட்டும், யாருக்கு நஷ்டம் என்று நினைத்தேன்.

கடைசி பீரியடில் பெரிய மிஸ் உள்ளே வந்தார். வகுப்பு மொத்தமும் எழுந்து "குட் ஆஃப்டர்நூன் மிஸ்". அந்தக் கோடி மூன்று பிள்ளைகளும் ஒன்றாக எழுந்தார்கள். எழுபத்தெட்டுக் கிலோ இந்தக் கோடியில் தனியாக. பெஞ்சு தூக்கிக்கொண்டு போயிற்று. நான் தரையில், கால் மேலே, பெஞ்சு என் மேலே.

வகுப்பு சிரித்து ஓய்ந்தது. பெரிய மிஸ் என்னைப் பார்க்கவில்லை, முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது பேரில் மோனி ஒருத்திதான் உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் எழுந்துக்கலை? பெரியவங்க வந்தா மரியாதை இல்லையா?"

"அம்மா எந்துக்கக் கூடாதுன்னாங்க மிஸ்."

பெரிய மிஸ் அவள் பிடித்திருந்த டஸ்டரைப் பார்த்தார். பிறகு என்னிடம்: "அரையாண்டுப் பரீட்சை வரைக்கும் பார்ப்போம். திங்கட்கிழமையிலேருந்து பாப்பா மட்டும் வரட்டும். நீங்க வேணாம்மா. பெஞ்சு தாங்காது."

"சரிங்க மிஸ்" என்றேன், தரையிலிருந்தபடியே.

மணி அடித்தது. பிள்ளைகள் பையை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனேன். மோனி அதே இடத்தில். மடியில் அழுத்திப் பிடித்த டஸ்டர். கால் இப்போது ஆடவில்லை.

"வாடி, வூட்டுக்குப் போலாம்."

"எந்துக்கலாமா?"

"எந்துக்கலாம்."

எழுந்தாள். பாவாடை பின்பக்கம் நனைந்திருந்தது. பெஞ்சும், கீழே தரையும். ஜெசிந்தா மிஸ் ஒரு பழைய துணி கொண்டுவந்தாள், இரண்டு பேரும் துடைத்தோம். டஸ்டரையும் அலசி ஜன்னலில் காயப்போட்டோம்.