அப்பாவுக்கு வைத்த சோதனை

என் செல்ல மகளே,

நீ சொன்னபடி அப்பாவை மறதி டாக்டரிடம் கூட்டிப் போனேன். எதைக் கேட்டாலும், "தெரியலை, விடுங்க" என்றார் அப்பா. எனக்கு மானமே போயிற்று. முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொண்டு நானே பதில் சொன்னேன். என்ன மாதம் என்று நான் சொன்னதும் அப்பா திடுக்கிட்டு என்னைப் பார்த்தார்.

"இவருக்கு மறதி நோய் இல்லம்மா, மனச்சோர்வு. குணப்படுத்திடலாம்" என்ற டாக்டர், என்னிடம் தாளை நீட்டினார்.

"நீங்க ஒரு கடிகாரம் வரையுங்க."

வட்டம் போட்டு, எல்லா எண்களையும் வலப்பக்கமே நெருக்கி அடுக்கி, அழகாக வரைந்து கொடுத்தேன். டாக்டர் வெகுநேரம் அதையே பார்த்தார்.

"அடுத்த தடவை பொண்ணையும் வரச்சொல்லுங்க."

உன்னை எதற்கு?

அப்பாதான் வழியெல்லாம் என் கையை விடவேயில்லை. பாவம், அவருக்கு என்ன பயமோ!

உன் அம்மா