தோளில் இரண்டு தட்டு

ஜூன் 4

உங்களுக்கு,

நான் தட்டினேன். தட்டவில்லை என்று நீங்கள் சொன்னது பொய். நலம் விசாரிப்பதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பெட்ரோல் பங்க்கில் காற்று அடிக்கிற இடத்தில், நீங்கள் ஒட்டகத்தின் மேல் உட்கார்ந்து என்ஜினைக் கிளப்பிய பிறகு, உங்கள் இடது தோளில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் நான் காலைத் தூக்கி வைத்தேன். நம் முதல் வண்டியிலிருந்து இருபத்தாறு வருடமாக அதுதான் வழக்கம். ஒரு தட்டு என்றால் நிறுத்துங்கள். இரண்டு என்றால் ஏறப்போகிறேன், இரண்டு காலையும் நன்றாக ஊன்றிக்கொள்ளுங்கள். காடு மேடெல்லாம் ஏறும் என்று நீங்கள் ஆசைப்பட்டு வாங்கி, நாம் ஒட்டகம் என்று பெயர் வைத்த பைக் அது. ஏணி வைத்து ஏறுகிற உயரம். அதில் தட்டாமல் ஏற எனக்கென்ன பைத்தியமா?

ஆனால் வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. என் கழுத்தெலும்பும் மணிக்கட்டும் போயின. ஆஸ்பத்திரியில் மகள் ஓடிவந்து கேட்டபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்? "அவ தட்டாமலே ஏறிட்டாம்மா. நான் ரெடியா இல்ல." நான் ஊசி மயக்கத்தில் இருந்தேன். ஆனால் காது கேட்டது.

அந்த ஒரு வாக்கியம் இங்கே மகள் வீட்டில் என்ன பாடு படுத்துகிறது தெரியுமா? மகளுக்கு இந்தத் தட்டு விஷயம் சின்ன வயதிலிருந்தே தெரியும். அம்மா அதையே மறந்துவிட்டாள் என்றால் வேறு எதை எதை மறக்கிறாளோ என்று பிடித்துக்கொண்டாள். ஞாபக மறதிக்கென்று ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் வயதில் என் கடைசித் தம்பி மாதிரி. கடிகாரம் வரையச் சொன்னார். வரைந்தேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். எண்பத்தாறில் ஒரு நிமிடம் நின்றுவிட்டேன். கழுத்தில் கட்டோடு கணக்குப் போடச் சொன்னால் நீங்களும் நிற்பீர்கள். அவர் எதையோ எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் மகள் என் கையிலிருந்து வாசல் சாவியை வாங்கி வைத்துக்கொண்டாள். நேற்றுப் பார்த்தால் மாப்பிள்ளை சர்க்கரை டப்பாவில் 'சர்க்கரை' என்று எழுதி ஒட்டியிருக்கிறார். கேட்டேன். "உங்க வசதிக்குத்தான் அத்தை" என்றார். கிடங்கில் பதினோரு வருடம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினவள் நான். யாரும் சொல்லித்தரவில்லை. மற்றவர்கள் சாப்பிடப் போகிற நேரத்தில் ஏறி ஏறிக் கற்றுக்கொண்டேன். ஒரு மூட்டை சரிந்ததில்லை. எனக்குச் சர்க்கரை டப்பா அடையாளம் தெரியாதாம்.

இருபத்தெட்டாம் தேதி மறுபடி டாக்டர். அன்று மாத்திரை ஆரம்பிப்பார்களாம். பிறகு நான் இங்கேயே இருந்துவிட வேண்டுமாம். "அப்பாவால தனியா உன்னப் பாத்துக்க முடியாதும்மா" என்கிறாள்.

போனில் கேட்டால் சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிடுகிறீர்கள். அதனால் எழுதுகிறேன். நீங்களும் எழுதுங்கள். அன்று என்ன நடந்தது?

உங்கள் மனைவி


ஜூன் 9

என் அன்பானவளுக்கு,

உன் கடிதம் வந்தது. கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. கோபத்தில் எழுதினால் உனக்கு எழுத்து அழகாகிவிடும். வலி குறைந்திருக்கிறதா? இங்கே நான் சௌகரியம். சமையல் பழகிவிட்டேன். முந்தாநாள் மட்டும் ரசத்தில் உப்புப் போட்டேனா என்று தெரியாமல் இரண்டு முறை போட்டுவிட்டேன். பார், எனக்கும்தான் மறக்கிறது. இதற்கெல்லாம் டாக்டரா? மகளுக்கு உன் மேல் பாசம் அதிகம், அவ்வளவுதான். நடந்ததை விடு. விழுந்தது விழுந்தாகிவிட்டது.

உனக்கு ஒரு நல்ல சேதி சொல்ல வேண்டும். தெருமுனை ஒர்க்‌ஷாப்பில் நம் மெக்கானிக் நட்டு ஒரு சைடுகார் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறான். ஒரு போட்டோகிராபருடையது. அவருக்கு நம் ஒட்டகம் மாதிரி உயரமான வண்டிதான் வேண்டுமாம். ஒன்றுக்கு ஒன்று மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். முப்பதாம் தேதிவரை நமக்காக வைத்திருப்பார். அதற்கு மேல் வேறொருவர் காத்திருக்கிறார்.

உனக்காகத்தான் யோசிக்கிறேன். இனி நீ அந்த உயரத்துக்குக் காலைத் தூக்க வேண்டியதில்லை. பைக்கின் பக்கவாட்டில் பூட்டிய தொட்டியில் மெத்தை இருக்கிறது, முன்னால் கண்ணாடி இருக்கிறது, ராணி மாதிரி உட்காரலாம். மூன்று சக்கரம் என்பதால் நின்றாலும் சாயாது. யாரும் காலை ஊன்ற வேண்டிய அவசியமே இல்லை.

முழு உண்மையையும் சொல்லிவிடுகிறேன், ஓட்டிப் பார்த்தேன், கஷ்டமாக இருந்தது. இடப்பக்கம் போக இடது கைப்பிடியைத் தள்ளிப் பழகினவன் நான். இதில் அப்படித் தள்ளினால் வண்டி வலப்பக்கம் போகிறது. நேராக ஒர்க்‌ஷாப் சுவரைப் பார்க்கப் போய்விட்டேன். நட்டு பின்னாலேயே ஓடிவந்தான். "அண்ணே, சாயாதீங்க, சாயாதீங்க! அது சாயாது, நீங்கதான் சாயறீங்க!" இறங்கியதும் சொன்னான்: "பைக் நல்லா ஓட்டத் தெரிஞ்சவனுக்குத்தான் இது எமன். பைக்கே தொடாதவன் நாலு நாள்ல பழகிடுவான்." இன்னொன்றும் சொன்னான். தொட்டி இருக்கிற பக்கம் திரும்பும்போது உள்ளே பாரம் இல்லாவிட்டால் தொட்டி மேலே எழும்புமாம். உட்காருகிறவர் எவ்வளவு கனமோ அவ்வளவு நல்லதாம். உன் எடை என்ன? மூட்டையில் அந்த அளவு மணல் போட்டு மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும்.

நேற்று ஒரு வேடிக்கை. கடைக்குப் போய்விட்டு வந்து வாசலில் கால் கழுவக் குனிந்தால் இடது காலில் செருப்பைக் காணோம். பக்கத்து வீட்டுக்காரர் பின்னாலேயே கையில் தூக்கிக்கொண்டு வருகிறார். "பாதித் தெருவுல விட்டுட்டுப் போறீங்களே சார்!" சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

எடையை எழுது. மாற்றலாமா வேண்டாமா என்றும் எழுது. உன்னைக் கேட்காமல் செய்ய மாட்டேன்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
உன் வீட்டுக்காரன்


ஜூன் 13

உங்களுக்கு,

எடை ஐம்பத்தொன்று. தொட்டியில் உட்கார மாட்டேன்.

ஒன்று கேட்டேன், அதற்குப் பதில் இல்லை. கேட்காததற்கு மூன்று பக்கம். ரசம், ராணி, மெத்தை.

நான் போய் அந்தத் தொட்டியில் உட்கார்ந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? பாவம், பின்னால் உட்காரத் தெரியாமல் விழுந்தாளே, அவளுக்காகப் புருஷன் வண்டியையே மாற்றிவிட்டான் என்பார்கள். நீங்கள் சொன்ன பொய்க்கு மூன்று சக்கரம் வைத்து ஊரெல்லாம் ஓட்டுகிற மாதிரி ஆகும்.

இப்போது எழுதப்போவதை மகளிடம் சொல்லிவிடாதீர்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. இங்கே எல்லோரும் என்னிடம் மெதுவாகப் பேசுகிறார்கள். "இன்னைக்கு என்ன கிழமைம்மா?" என்று மகள் சும்மா கேட்பது மாதிரி கேட்கிறாள். சொல்லிவிட்டு, சரியாகத்தான் சொன்னேனா என்று காலண்டரைப் போய்ப் பார்க்கிறேன். நேற்று மதியம் யாரும் இல்லாதபோது சாப்பாட்டு மேஜை நாற்காலியின் முதுகில் தட்டிப் பார்த்தேன். ஒன்று, இரண்டு. அன்றும் இப்படித்தானே தட்டினேன்? சட்டைத் துணி விரலில் பட்டது ஞாபகம் இருக்கிறது. ஆனால் அது அன்றைய சட்டையா, இருபத்தாறு வருடத்தில் வேறு ஏதோ ஒரு நாளின் சட்டையா? பத்துப் பேர் பத்து நாள் ஒரே விஷயத்தைச் சொன்னால் என் கையே எனக்குச் சாட்சி சொல்ல மாட்டேன் என்கிறது. நான் தட்டவில்லை என்பது உண்மையானால் அதையாவது எழுதுங்கள். மாத்திரையைப் போட்டுக்கொண்டு இங்கேயே கிடக்கிறேன்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனாலும் உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். செருப்பு போனது தெரியாமல் பாதித் தெரு நடந்திருக்கிறீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன மழைக்காலத்திலிருந்தே எங்கே நிறுத்தினாலும் நடைபாதை விளிம்பை ஒட்டி, இடது கால் உயரமாகப் படுகிற மாதிரிதான் நிறுத்துகிறீர்கள். உங்களுக்கும் வயதாகிறது என்று நினைத்து நான் கேட்கவில்லை. இரண்டாவது கியர் விழாமல் வண்டி உறுமுவதும் அப்போதிலிருந்துதான். பங்க்கில் விளிம்பு இல்லை.

ஒன்று செய்யுங்கள். நட்டுவைக் கூப்பிடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு உட்காருங்கள். இடது கால் விரல்களை அவன் ஸ்பேனரால் லேசாகத் தொடட்டும். எந்த விரல் என்று நீங்கள் சொல்லுங்கள். பத்துத் தடவை. எத்தனை சரி என்று எழுதுங்கள். குறைத்து எழுதாதீர்கள், கூட்டியும் எழுதாதீர்கள். நட்டு எனக்குப் பொய் சொல்ல மாட்டான்.

உங்கள் மனைவி


ஜூன் 20

என் அன்பானவளுக்கு,

மூன்று.

நட்டு சொன்னான்: "மூணு சரி அண்ணே. ஆனா ரெண்டு தடவை நான் தொடவே இல்ல, அப்பவும் சுண்டு விரல்னு சொன்னீங்க." பிறகு அவன் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தான், என் முகத்தைப் பார்க்கவில்லை.

நீ தட்டினாய். இரண்டு தட்டு. எனக்கு நன்றாகத் தெரிந்தது. நான் காலை ஊன்றினேன். ஊன்றினேன் என்றுதான் நினைத்தேன். கீழே தரை இருக்கிறதா இல்லையா என்று கால் சொல்லவில்லை. உன் கனம் ஏறியதும் முட்டி மடங்கியது. அவ்வளவுதான் நடந்தது.

எட்டு மாதமாகவே இப்படி. பஞ்சு மேல் நிற்கிற மாதிரி. சில நாள் எறும்பு ஊர்கிற மாதிரி. சர்க்கரை அதிகமாகிவிட்டது என்று எனக்கே தெரியும். மாத்திரையை ஒரு நாள் போட்டு ஒரு நாள் விட்டேன். உன்னிடம் சொன்னால் டாக்டர், டாக்டரிடம் போனால் வண்டி ஓட்டாதே என்பார். அந்த வார்த்தையைக் கேட்கத் தைரியம் இல்லை. ஆஸ்பத்திரியில் மகள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு "எப்படிப்பா?" என்று கேட்டபோது வாயில் முதலில் வந்தது அது. ஒரு நாள் வருத்தப்பட்டு விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். உன்னைக் கடிகாரம் வரையச் சொல்வார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

சைடுகார் உனக்காக இல்லை. எனக்காகத்தான். காலை ஊன்றாமலே நிற்கும் என்பதற்காக. ஆனால் கியர் இருக்கிறதே. சுவரை நோக்கிப் போன அன்று கியரைக் குறைக்கப் போனேன், கால் லீவரைத் தேடிக்கொண்டே இருந்தது. அதை உனக்கு எழுதவில்லை.

ஒட்டகத்தையும் ஓட்ட முடியவில்லை, அதையும் ஓட்ட முடியவில்லை. முப்பதாம் தேதி நெருங்குகிறது. போட்டோகிராபர் தினம் ஒர்க்‌ஷாப்புக்குப் போன் செய்கிறார். என்ன செய்வது என்று புரியவில்லை.

மகளிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடேன். உனக்குத்தான் அவளிடம் பேசத் தெரியும்.

உன் வீட்டுக்காரன்


ஜூன் 23

உங்களுக்கு,

கடிதத்தை வாங்கிக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாளிட்டுக்கொண்டேன். மகள் கதவைத் தட்டினாள். "அம்மா, உள்ள எதுக்குப் போனேன்னு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள். அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டேன்.

நான் தட்டியிருக்கிறேன். அது போதும். நேற்று முழுக்கக் காலண்டரைப் பார்க்கவில்லை.

மன்னிப்பைப் பற்றி நீங்களும் கேட்கவில்லை, நானும் எழுதவில்லை. உங்கள் கால் உங்களிடம் பொய் சொன்னது நோய். நீங்கள் என்னைப் பற்றிச் சொன்னது நோயில்லை. இரண்டையும் ஒன்றாகக் கட்டிக் கொண்டுவராதீர்கள். ஆனால் எட்டு மாதம் அந்தக் காலோடு தனியாகப் பயந்துகொண்டு இருந்திருக்கிறீர்கள். எனக்குப் பின்னாலிருந்து உங்கள் முதுகு மட்டும்தான் தெரிந்தது. அது எனக்குப் பொறுக்கவில்லை.

பக்குவமாகச் சொல்ல மாட்டேன். நான் சொன்னால், அப்பாவைக் குறை சொல்கிறாள், அதுவும் இந்த வியாதிதான் என்பார்கள். சொன்ன வாயே திருப்பிச் சொல்ல வேண்டும்.

இனி நடக்க வேண்டியவை. இதில் பேரம் இல்லை.

இந்தக் கடிதம் கிடைத்த அன்றே ஒட்டகத்தின் சாவியை நட்டுவிடம் கொடுக்க வேண்டியது நீங்கள். வாங்கி வைத்துக்கொண்டு, நீங்கள் எவ்வளவு கெஞ்சினாலும் திருப்பித் தராமல் இருக்க வேண்டியது நட்டு. "அக்கா சொல்லிட்டாங்க" என்ற ஒரு சொல் அவனுக்குப் போதும்.

இருபத்தேழாம் தேதி பஸ் ஏறி இங்கே வர வேண்டியது நீங்கள். ஷூ போட்டுக்கொண்டு வாருங்கள், செருப்பு வேண்டாம்.

அன்றே மகளையும் மாப்பிள்ளையையும் எதிரில் உட்காரவைத்து, நான் பக்கத்தில் இருக்கும்போது, நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டியது நீங்கள். நடுவில் நான் பேச மாட்டேன். தண்ணீர் வேண்டுமானால் தருவேன்.

இருபத்தெட்டாம் தேதி டாக்டர் சீட்டில் என் பெயருக்குப் பதில் உங்கள் பெயரை எழுதி, கால் பார்க்கிற டாக்டரிடம் உங்களை அழைத்துப் போக வேண்டியது மகள். அவர் சொல்வதை முழுதாகக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியது மாப்பிள்ளை. உங்களுக்குப் பிடிக்காதது உங்கள் காதில் விழாது.

வாசல் சாவியை என் கையில் வைக்க வேண்டியது மகள். சர்க்கரை டப்பாவில் ஒட்டியதைக் கிழிக்க வேண்டியது மாப்பிள்ளை.

முப்பதாம் தேதிக்குள் ஒட்டகத்தைக் கொடுத்துவிட்டுத் தொட்டி வண்டியை வாங்கி ஒர்க்‌ஷாப்பில் மூடி வைக்க வேண்டியது நட்டு. மாற்றலாமா என்று கேட்டீர்களே, மாற்றுங்கள்.

மணிக்கட்டில் கட்டுப் பிரித்து, கிளட்ச் பிடிக்கிற அளவுக்கு விரல் வலுத்த பிறகு, அதை ஓட்டக் கற்க வேண்டியது நான். பைக்கே தொடாதவன் நாலு நாளில் பழகுவான் என்று நட்டுவே சொல்லியிருக்கிறான். மறப்பதற்கு எனக்குச் சாய்ந்து ஓட்டிய பழக்கமும் கிடையாது. லைசென்சுக்கு எழுதிப்போட வேண்டியதும் நான். கற்றுத்தர வேண்டியது நட்டு. ஓரமாக நின்று வாயைத் திறக்காமல் இருக்க வேண்டியது நீங்கள்.

தொட்டியில் உட்கார வேண்டியதும் நீங்கள்தான். உங்கள் எடை எழுபத்தெட்டு. அது எழும்பாது.

உட்கார்ந்ததும் என் முழங்காலில் இரண்டு தட்டுத் தட்ட வேண்டியது நீங்கள். தட்டினீர்களா இல்லையா என்று ஊருக்குச் சொல்ல வேண்டியது நான்.

உங்கள் மனைவி