தேர்வு நாளில் ஏரிக்குப் போனவருக்கு

இன்று காலை பொன்னேரி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கிராம்பைக் கடித்தார். அந்த வாசனைக்கு எனக்கு அழுகை வரவில்லை அண்ணா, எரிச்சல்தான் வந்தது. கத்திக் கத்திப் புண்ணான தொண்டைக்கு நீங்கள் ஓயாமல் மென்ற அதே கிராம்பு. செத்துப்போனவரோடு இன்னும் சண்டை தீரவில்லை என்றால் யார் நம்புவார்கள்?

நாம் பி.எட். சேர்ந்தபோது மற்ற எல்லோரும் அப்போதுதான் கல்லூரி முடித்த பிள்ளைகள். நான் இறால் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலையை விட்டு வந்தவள். நீங்கள் எளாவூர் லாரி புக்கிங் ஆபீஸில் இருந்தே தலை நரைத்தவர். "வரலாறு படிச்சிட்டு லோடு ஏத்திக்கினு இருந்தேன். போதும்னு வந்துட்டேன்" என்றீர்கள். உங்களுக்குப் பாடத்திட்டம் எழுத வராது. சார்ட் ஒட்டினால் கோணலாக இருக்கும். என் பாதி நேரம் உங்கள் வேலையைச் சரிசெய்வதிலேயே போனது.

பயிற்சிக்குக் கோட்டைக்குப்பம் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளி. லாரி இரைச்சலுக்கு மேல் பேசிப் பழகிய குரலை ஆறாம் வகுப்புப் பிள்ளைகள்மேல் அவிழ்த்துவிட்டீர்கள். தேவி என்றொரு பெண், வாய்க்குள்ளேயே பேசுகிறவள். "எய்ந்து நின்னு சத்தமா சொல்லு" என்று நீங்கள் சொன்னதும் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனவள்தான், அந்த வாரம் முழுக்க வரவில்லை.

"நான் திட்டலியே. பேசினேன், அவ்ளோதான்" என்று புலம்பினீர்கள்.

"நீங்க பேசறதே திட்டற மாதிரிதான் இருக்குது" என்றேன்.

செய்முறைத் தேர்வு நாளும் வந்தது. நாம் பாடம் நடத்துவதைப் பார்த்து மதிப்பெண் போடவேண்டிய தேர்வாளர் வெளியூரிலிருந்து வந்துகொண்டிருந்தார். அப்போது பார்த்து தேவியின் வகுப்புப் பெண் ஒருத்தி உங்களிடம் சொன்னாள், தேவியை மறுநாள் சூளூர்ப்பேட்டைச் சித்தி வீட்டுக்கு அனுப்புகிறார்களாம், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள. நீங்கள் செருப்பை மாட்டினீர்கள். நான் வாசலை மறித்து நின்றேன்.

"இன்னா பண்றீங்க? சாயந்திரம் போங்கண்ணா."

"சாயந்திரம் அவங்க அம்மா இறாலை எடுத்துக்கினு மார்க்கெட்டுக்குப் பூடும். இப்ப ரெண்டு பேரும் ஏரியிலதான் இருப்பாங்க. பரீட்சை அடுத்த வருசமும் வரும் டீச்சரே."

போய்விட்டீர்கள். தேர்வாளருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். உங்களுக்கு வயிற்றுவலி என்றேன், நண்டு ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பாடம் நடத்தியதில் என் பின்னக் கணக்கு தடுமாறியது.

ஏரியில் நடந்ததைத் தேவியின் அம்மா பிறகு சொன்னார். அவர் கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருக்க, நீங்கள் பேண்ட்டோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் பேசத் தொடங்கினீர்களாம். "இன்னாத்துக்கு சார் இப்டி கத்தற? இறாலெல்லாம் ஓடுது" என்று அவர் கேட்டபோதுதான் வாழ்க்கையில் முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தியிருக்கிறீர்கள். "என் கிளாசுக்கு நீ வர வாணாம்மா. டீச்சர் கணக்கு கிளாசுக்கு வா. அவங்க உன்ன நல்லா பாத்துக்குவாங்க" என்று தேவியிடம் சொல்லிவிட்டீர்கள். என்னைக் கேட்டீர்களா?

நனைந்த பேண்ட்டோடும் தேவியோடும் நீங்கள் திரும்பியபோது தேர்வாளர் பையை மூடிக்கொண்டிருந்தார். உங்கள் நேரம் முடிந்தது என்றார். நான்தான் வாதாடினேன். நீங்களோ, "வுடுங்க டீச்சரே" என்று சொல்லிவிட்டு மர நிழலில் பேண்ட் நுனியைப் பிழிந்தீர்கள். ஒரு வருடம் அந்த ஈரத்தோடு போனது.

மறு வருடம் மீண்டும் பாடம் நடத்தித் தேறினீர்கள். காட்டூர்ப் பக்கத்துப் பள்ளியில் தற்காலிக வேலை கிடைத்தது. பிள்ளைகளுக்கு உங்கள் சத்தம் பிடித்துப்போயிற்று என்று போனில் பெருமையடித்தீர்கள். அந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் நெஞ்சுவலி. அன்று பள்ளியிலேயே இருந்து தேர்வை முடித்திருந்தால் இன்னொரு வருடம் வகுப்பில் நின்றிருப்பீர்கள். எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை.

சரி, யாருக்காகப் போனீர்களோ அவளாவது நினைத்துக்கொண்டிருக்கிறாளா? தேவி இப்போது பொன்னேரியில் ப்ளஸ் டூ படிக்கிறாள். போன மாதம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். உங்களைப் பற்றிப் பேச்செடுத்தேன்.

"எந்த சார் மிஸ்? கத்துவாரே, அவரா?"

"அவர்தான்."

"தண்ணிக்குள்ளயே வந்துட்டாரு. அம்மா இன்னமும் சொல்லிச் சிரிக்கும்." பஸ் வந்தது, ஓடிவிட்டாள். நீங்கள் இப்போது உயிரோடு இல்லை என்பதை அவளிடம் சொல்லாமலே விட்டேன்.

இப்போது என் வகுப்பில் ஒரு பிள்ளை தொடர்ந்து வரவில்லை என்றால் எனக்கு இருப்புக்கொள்வதில்லை. தலைமையாசிரியர் முறைக்கிறார், பாடம் பாதியில் நிற்கிறது என்கிறார். அவர் சொல்வது நியாயம்தான். ஆனாலும் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறேன். வெயிலில் வலை உலர்த்தியிருக்கும் சந்துகளில் வீடு வீடாக விசாரித்துக்கொண்டு நடக்கிறேன். வழி நெடுக வாய் ஓயாமல் உங்களைத்தான் திட்டுகிறேன் அண்ணா. கதவைத் தட்டுவதற்கு முன்னால் மட்டும் நிறுத்திக்கொள்கிறேன். உள்ளே இருக்கும் பிள்ளை பயந்துவிடக் கூடாதே.