டிஷ்ஷை நகர்த்த வேண்டாம்

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பா நன்றாக இருக்கிறார். இதை முதல் வரியாக எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதத் துணிகிறேன். படித்துக்கொண்டே போகும்போது எங்காவது நெஞ்சு அடைத்தால் இந்த வரிக்குத் திரும்பி வந்து மூச்சு விட்டுக்கொள். அம்மாவும் நலம். நீயும் அத்தானும் குட்டியும் நலமாக இருக்க வேண்டும்.

போனில் நீ கோபப்பட்டது நியாயம்தான். டிஷ்ஷை இடம் மாற்ற அங்கிருந்தே பேசி ஏற்பாடு செய்து நீ அனுப்பிய டிஷ்காரரை நான் வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டேன். "உனக்கென்னடி பைத்தியமா? அம்மாவுக்குன்னு இருக்கறதே அந்த டிவி ஒண்ணுதான்" என்றாய். நான் 'ம்' கொட்டிக்கொண்டு நின்றேன். அம்மா என் தோளுக்குப் பின்னால் நின்றாள். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நம் வீடு உனக்குத் தெரியாததா? இந்த அறையில் தும்மினால் அடுத்த அறையிலிருந்து 'நூறாயுசு' என்று வாழ்த்து வரும். அதனால்தான் கடிதம். படித்ததும் கிழித்துவிடு.

நீ வாங்கிக் கொடுத்த டிவியில் சில மாதங்களாகச் சாயங்கால வேளைகளில் படம் போக ஆரம்பித்தது. முதலில் முகங்கள் சதுரம் சதுரமாக உடையும். பிறகு குரல் விக்கும். அப்புறம் நீலத் திரையில் 'சிக்னல் இல்லை' என்ற எழுத்து. கொஞ்ச நேரத்தில் தானாகவே எல்லாம் சரியாகிவிடும். மாமியார் மருமகளை அறையக் கை ஓங்கிய இடத்தில் போன படம், இருவரும் சேர்ந்து காபி குடிக்கும் இடத்தில் திரும்பி வந்ததாக ஒருநாள் அம்மா புலம்பினாள். "நடுவுல என்னதான் நடந்துச்சுன்னு எனக்கு யாரு சொல்லுவா?"

நீ ஏற்பாடு செய்வதற்கு முன்பே டிஷ்காரர் சில முறை வந்தார். வழுக்கைத் தலையும் வாய் நிறையப் பேச்சுமாக ஒரு மனிதர். மாடியிலிருந்து வரும் கேபிளை மாற்றினார். ரிசீவரின் பின்னால் சொருகும் முனைகளைச் சுரண்டிப் புதிதாகப் போட்டார். அடுத்த முறை வந்தபோது ரிசீவரையே மாற்றினார். அதற்கடுத்த முறை, டிஷ்ஷின் முன்னால் நீண்டிருக்கும் கையின் நுனியில் ஒரு உருண்டை இருக்குமே, அதையும் மாற்றினார். அவர் இருக்கும்போதெல்லாம் திரையில் சிக்னல் கோடு முழுசாக நிற்கும். அவர் போன மறுநாள் பழைய கதைதான். "டாக்டரைப் பாத்தா காய்ச்சல் ஓடிப்போற மாதிரி என்னைப் பாத்தா இது சரியாயிடுதும்மா" என்று அவரே நொந்துகொண்டார்.

இதில் ஒரு வேடிக்கை. அப்பா உட்கார்ந்து பார்க்கும் செய்தி மட்டும் ஒருநாளும் தடைப்பட்டதில்லை. "இந்த டிவிக்கும் ஆள் தெரியுது பாரு. வீட்டுக்காரரைக் கண்டா பெட்டிப் பாம்பா அடங்கிடுது" என்று அம்மா கேலி செய்வாள். அப்பா கொஞ்சம் சிரிப்பார். ஒல்லி மாமா போன பிறகு அந்த முகத்தில் சிரிப்பைப் பார்ப்பதே அபூர்வம் என்பதால் நாங்கள் அதே கேலியைத் திரும்பத் திரும்பச் செய்தோம்.

ஒல்லி மாமா வேலையில் கயிற்றிலிருந்து விழுந்து இறந்தபோது உன்னால் வர முடியவில்லை. அதனால் அப்பா எப்படி ஆகிப்போனார் என்று நீ பார்க்கவில்லை. இருவரும் அத்தனை வருடம் அடுத்தடுத்த கயிறுகளில் பலகை கட்டித் தொங்கிக்கொண்டு, உயரமான கட்டடங்களுக்கு ஒன்றாகப் பெயிண்ட் அடித்தவர்கள். கயிறு பழசு, தவறு கம்பெனியுடையது என்று விசாரணையில் எழுதிவிட்டார்கள். கம்பெனிக்காரர்களே அதை ஒப்புக்கொண்டார்கள். அப்பா மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. "முடிச்சு நான் போட்டது" என்று ஒரே ஒருமுறை சொன்னார், அதுவும் என்னிடம் இல்லை, சுவரைப் பார்த்து. அதற்குப் பிறகு வேலைக்குப் போகவில்லை. காலையில் வேலைக்குப் போகிறவர் மாதிரியே எழுந்து, குளித்து, தலை வாரி, நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். சாயங்காலம் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மொட்டைமாடிக்குப் போவார். வாழ்நாள் முழுக்க அந்தரத்தில் நின்றவர். மாடிக்குப் போகிறார் என்றால் யார் பயப்படுவார்கள்? மீன் தண்ணீருக்குப் போகிறது என்றுதானே நினைப்போம்.

கடைசியாக வந்தபோது டிஷ்காரர் என்னை மாடிக்கு அழைத்துப் போனார். பின்பக்கக் கைப்பிடிச் சுவரை ஒட்டி டிஷ் இருப்பது உனக்கு நினைவிருக்கும். சுவருக்கும் அதற்கும் நடுவில் ஒரு பூனை புகுந்து போகலாம், ஆள் நிற்க முடியாது. சுவருக்கு மேலாக அது வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. "சாமானெல்லாம் நல்லா இருக்கும்மா. எதுவோ குறுக்க வருது, அவ்வளவுதான்" என்றார். சுற்றிலும் பார்த்தோம். மரம் இல்லை, கொடியும் இல்லை. கீழே பார்த்தால் சந்தும் குப்பைத்தொட்டியும் சிமென்ட் தரையும். "காக்கா உக்காந்தாலெல்லாம் இப்படிப் போகாது. இந்தச் சுவர் மேல ஒரு ஆளே ஏறி நின்னாத்தான் மறைக்கும். யாரு ஏறுவா, சர்க்கஸ்காரனா?" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். எதற்கும் டிஷ்ஷை முன்பக்கத்துக்கு மாற்றிப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

படிக்கட்டில் இறங்கும்போது என் சிரிப்பு பாதியில் நின்றது. அப்பாவின் செய்தி ஏன் தடைப்படுவதில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அன்று சாயங்காலம் அப்பா தொட்டியைப் பார்க்கப் போனார். நான் புத்தகத்தை மடியில் விரித்துக்கொண்டு திரையையே பார்த்தேன். முகங்கள் உடைந்தன. காலில் செருப்பு இல்லாமல் மாடிக்கு ஓடினேன். கடைசிப் படியில் கால் நகரவில்லை. அப்பா சுவர் மேல் நின்றுகொண்டிருந்தார். முதுகு எனக்கு, முகம் சந்துக்கு. வேலையில் நிற்பது போலவே பாதங்களைக் கொஞ்சம் அகட்டி வைத்திருந்தார். இடுப்பில் கயிறு இல்லை. இரண்டு கைகளும் எதையும் பிடிக்காமல் சும்மா தொங்கின.

நான் எவ்வளவோ கதைகள் படித்திருக்கிறேன், அக்கா. அவற்றில் பயம் வந்தால் யாராவது கத்துவார்கள். கூப்பிட்டால் திடுக்கிட்டுத் தடுமாறுவாரோ என்று எனக்கு மூச்சு விடவே பயமாக இருந்தது. வாயைப் பொத்திக்கொண்டு கதவு மறைவில் நின்றேன். அப்போது கீழே ஜன்னலிலிருந்து அம்மாவின் குரல் வந்தது, எப்போதும் போல அலுத்துக்கொண்டே. "ஏங்க, படம் போச்சு! அந்த டிஷ்ஷைக் கொஞ்சம் பாருங்களேன்!"

அப்பா திரும்பினார். யாரோ தூக்கத்தில் தட்டி எழுப்பியது மாதிரி ஒரு முகம். சுவரிலிருந்து உள்பக்கமாக இறங்கினார். டிஷ்ஷைப் பிடித்து லேசாக ஆட்டிவிட்டு, "வந்துச்சா?" என்று கேட்டார். "வந்துடுச்சு, வந்துடுச்சு! நீங்க கை வெச்சா உடனே வந்துடுதே!" என்று அம்மா பதில் சொன்னாள். அவர் இறங்கி வருவதற்குள் நான் ஓடி வந்து புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டேன். தலைகீழாகப் பிடித்திருந்தேன் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

மாடிக் கதவைப் பூட்டிப் பார்த்தேன். "சாவி எங்கம்மா?" என்று அவ்வளவு சாந்தமாகக் கேட்டார், என் கையே எடுத்துக் கொடுத்துவிட்டது. இந்த மாடி இல்லையென்றால் அவருக்கு ஊரில் உயரங்களா இல்லை? அங்கெல்லாம் டிஷ் இருக்காது. டாக்டரிடம் போகலாம் என்று பேச்செடுத்தேன். "எனக்கென்ன கேடு, கல்லு மாதிரி இருக்கேன்" என்று எழுந்து போய்விட்டார். இப்போது சொல், நீ அனுப்பிய மனிதரிடம் நான் என்ன சொல்லியிருக்க முடியும்? அவர் டிஷ்ஷை நகர்த்தினால் படம் தெளிவாக வரும். அப்பா எங்கே நிற்கிறார் என்பது எனக்குத் தெரியாமல் போகும்.

டிவி என்றாலே காதைப் பொத்திக்கொள்ளும் நான் இப்போது சாயங்காலமானால் முதல் ஆளாக அதன் முன்னால் உட்காருகிறேன். வேலையிடத்தில் கெஞ்சிக் கூத்தாடிச் சீக்கிரம் கிளம்பி வருகிறேன். "இவளும் சீரியல் பைத்தியம் ஆயிட்டா" என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறாள். எந்தக் கதையில் யார் யாருக்குப் பெண்டாட்டி என்றுகூட எனக்குத் தெரியாது. படம் கொஞ்சம் நடுங்கினாலும் படிக்கட்டுக்கு ஓட எழுந்துவிடுகிறேன்.

இன்னொன்று உனக்குத் தெரிய வேண்டும். போன வாரம் அப்பா மேலே இருந்தார், படம் கண்ணாடி மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. அம்மா அதைப் பார்த்தபடியே எழுந்து ஜன்னலுக்குப் போய், "ஏங்க, படம் போச்சு!" என்று கத்தினாள். மேலிருந்து "வந்துச்சா?" என்று குரல் வரும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றாள். திரும்பியபோது நான் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினாள். அவளுக்கு எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

இரண்டு பேர் காவல் இருக்கிறோமே, போதாதா என்று நீ கேட்கலாம். போதாது, அக்கா. நேற்றிலிருந்து காற்று மாறிவிட்டது. இன்று சாயங்காலம் வானம் கறுத்து நாலு தூறல் போட்டது. அதற்கே படம் போய்விட்டது. நான் மாடிக்குப் பறந்தேன். யாரும் இல்லை. அப்பா கீழே குளியலறையில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதேன். மழைக்காலத்தில் இந்தப் படம் எத்தனை முறை போகும் என்று உனக்குத் தெரியும். எது மேகம், எது அப்பா என்று இனி எனக்கு எப்படித் தெரியும்?

நீ சொன்னால் அவர் தட்டமாட்டார். மூத்தவள் பேச்சுக்கு இந்த வீட்டில் என்றைக்கும் மறுபேச்சு இல்லை. நீ கையைப் பிடித்து டாக்டரிடம் கூட்டிப்போனால் சின்னப் பிள்ளை மாதிரி உன் பின்னால் வருவார். குட்டியையும் அழைத்து வா, அது மடியில் உட்கார்ந்தால் அவரால் எழுந்திருக்க முடியாது. என்ன காரணம் வேண்டுமானாலும் சொல்லிக்கொண்டு வா. டிவியைச் சரி பண்ண வந்தேன் என்றே சொல்.

உன் வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும். மழை வலுப்பதற்கு முன்னால் வந்துவிடு.

உன் தங்கை