சாயாமல் தூக்கிய கை

அன்பு ஸ்டெல்லாக்கா, என் வலது பக்கத்துப் போர்டுக்காரியே,

வெட்கக்கேடான சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் ஆட்கள் யாராவது அங்கே வந்து சொல்லி நீ சிரிப்பதைவிட நானே சொல்வது நல்லது. நாலு மாதமாக எனக்குத் தலை பின்னிவிடுவது என் வீட்டுக்காரர். மாட்டுக்குக் கயிறு திரித்த கை. அவர் இழுக்கிற இழுப்பில் என் புருவம் இரண்டும் மேலே ஏறிவிடுகின்றன. நாள் முழுக்க எதையோ பார்த்து ஆச்சரியப்பட்ட முகத்தோடு வேலை செய்கிறேன்.

சூளகிரியில் கம்பெனி பஸ் ஏறியதும் பெண்கள் ஆரம்பித்துவிடுகிறார்கள். "இன்னாக்கா, மாமா இன்னிக்கு நல்லா இறுக்கிக் கட்டிட்டாரு போல. அவுத்துக்கினு ஓட முடியாது." நீ இருந்தால் இதைவிட மோசமாகச் சொல்லியிருப்பாய்.

காரணம் இடது தோள். கை தோள் உயரத்துக்கு மேல் போகவில்லை. நம் வேலை உனக்குத் தெரியாததா? ஆள் உயரப் போர்டுப் பலகையில் வண்டிக்கான ஒயர்களை மேலிருந்து கீழாகக் கோத்துக் கட்ட வேண்டும். மேல் வரிசைக் கொக்கிக்கு ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறிக்கொண்டேன். கையைத் தூக்க முடியாததால் ஆளையே தூக்கிக்கொண்டேன் என்று வை.

இப்படி மூன்று மாதம் ஓட்டினேன். அப்போது கம்பெனி மெடிக்கல் வந்தது. அதற்கு முந்தின வாரம் பஸ்ஸில் நீ நடத்துவாயே டியூஷன், உனக்குப் பிறகு அதை நான்தான் நடத்துகிறேன். தோள் வலிக்காரி கையைத் தூக்கும்போது உடம்பை மறுபக்கம் லேசாகச் சாய்க்க வேண்டும். முட்டி வலிக்காரி உட்காரும்போது செருப்பைச் சரிசெய்கிற சாக்கில் மேசையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். முதுகு வலிக்காரி குனியும்போது முழங்காலை மடக்கிக்கொண்டால் விரல் பாதத்தைத் தொட்டுவிடும். உன் டியூஷனில் யாரும் ஃபெயில் ஆனதில்லை. ஃபெயில் ஆனால் கான்ட்ராக்ட் பெண்களுக்கு, "கூப்பிடுறப்ப வாங்க" என்று ஒரு வார்த்தை. அப்புறம் கூப்பிட மாட்டார்கள்.

இந்த வருஷம் வந்தது ஒரு புது டாக்டரம்மா. ஓசூரைத் தாண்டி அந்தப் பக்கம். கன்னடம் கலந்த தமிழ். கேன்டீன் மூலையில் திரை கட்டி, "எரடு கையும் மேல எத்துங்கம்மா" என்றார். நீ சொல்லித்தந்தபடி சாய்ந்தேன். கை போனது. அவர் என் முதுகுப்பக்கம் வந்து, தோள்பட்டை எலும்பின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"ஈவா, இப்போ எத்துங்க" என்றார். கை டோல்கேட் லாரி மாதிரி பாதியில் நின்றுவிட்டது.

பிறகு என் வலது கையைப் பிடித்துத் திருப்ப ஆரம்பித்தார். "டாக்டரம்மா, நோவு அந்தக் கையில இல்லீங்க" என்றேன்.

"கொத்து, தெரியும். நல்ல கை எவ்ளோ போகுதுன்னு பாத்தாத்தானே, இந்தக் கை எவ்ளோ குறையுதுன்னு சொல்ல முடியும்?"

முழங்கையை விலாவோடு ஒட்டவைத்து, முன்கையைக் கதவு திறப்பதுபோல வெளியே திருப்பினார். வலது கதவு திறந்தது. இடது கதவு அசையவில்லை. அவரே பிடித்துத் திருப்பியும் வரவில்லை. தசை கிழிந்திருந்தால், நான் தூக்க முடியாத கையை அவர் தூக்கினால் பெரும்பாலும் மேலே போகுமாம். அவர் தூக்கியும் போகவில்லை என்றால் மூட்டே இறுகியிருக்கலாமாம்.

கடைசியாகக் கேட்டார். "ராத்திரி தூக்கத்துல வலி எழுப்புதா?"

இந்தக் கேள்வி உனக்கு நினைவிருக்கிறதா அக்கா? இரண்டு வருஷத்துக்கு முன்னால், இதே கேன்டீனில், வேறொரு டாக்டர் உன் முதுகைப் பார்த்துவிட்டு இதையே கேட்டார். நீ இல்லை என்றாய். அவர் நம்பாமல் பார்த்தார். வரிசையில் உனக்குப் பின்னால் நின்ற நான் வாயைத் திறந்தேன். "இவங்க தூங்குனா கம்பெனி பஸ்ஸு வூட்டுக்குள்ள வந்து ஹாரன் அடிச்சாலும் எழுந்திரிக்க மாட்டாங்க சார்." எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே ஃபிட் என்று எழுதினார்.

படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே நீ விடியவைத்தது எனக்குத் தெரியும். தினமும் காலையில் பஸ்ஸில் நீதானே சொன்னாய். ஐந்து மாதம் கழித்து ஸ்கேன் எடுத்தபோது, மார்பில் ஆரம்பித்த புற்று முதுகெலும்புக்கு வந்துவிட்டது என்றார்கள். முன்னாலேயே பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உன் தம்பி கேட்டார். பெங்களூர் டாக்டர் ஸ்கேனை உறைக்குள் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். நீ கண்மூடுகிறவரை என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

"எழுப்புதுங்க" என்றேன் டாக்டரம்மாவிடம். "மூணு மாசமா அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியல. மொதல்ல சாஞ்சுதான் தூக்குனேன்."

திரைக்கு வெளியே வரிசையில் யாரோ, "போச்சு, அக்கா வேலைய வுட்டுடுச்சு" என்றது கேட்டது.

எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருந்தது. ரத்தத்தில் சர்க்கரை இருந்தது. அது எனக்குப் புதுச் செய்தி. சர்க்கரை உள்ளவர்களுக்கு இப்படித் தோள் இறுகுவது அதிகமாம். மெல்ல இளகும், ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகலாம், பயிற்சியை விடக்கூடாது என்றார். கம்பெனியில் "கூப்பிடுறப்ப வாங்க" என்றார்கள். பதினெட்டு நாள் வீட்டில் இருந்தேன். வீட்டுக்காரர் அதற்குள் இரட்டைப் பின்னல் கற்றுக்கொண்டார்.

பத்தொன்பதாம் நாள் சூப்பர்வைசர் போன் செய்தார். "மஞ்சுளா, வந்து செக்கிங் டேபிள்ல உக்காரு. மேல எட்டற வேலை வேணாம்னு டாக்டர் எழுதியிருக்காங்க." ஃபிட்டுக்கும் அன்ஃபிட்டுக்கும் நடுவில் இப்படி ஒன்று எழுத முடியும் என்பது நம் இரண்டு பேருக்குமே தெரியாமல் போயிற்று.

மெடிக்கல் அன்றைக்கு வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்களில் மூன்று பேர் உள்ளதைச் சொன்னார்கள். இரண்டு பேர் வேலையில் இருக்கிறார்கள். முட்டி வலிக்காரப் பெண்ணை இன்னும் கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்து, கொஞ்சம் கேலி செய்துவிட்டு வந்தேன். வேறு என்ன செய்வது?

உன் டியூஷனை மூடிவிட்டேன் அக்கா. இனிமேல் எழுப்புகிற வலியை எவளாவது மறைத்தால், பின்னால் நின்று நானே டாக்டரிடம் சொல்லிவிடுவேன். அவள் என்னைத் திட்டினாலும் சரி. இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

பயிற்சி நடக்கிறது. சுவர் ஓரம் நின்று விரல்களைச் சிலந்திபோல மேலே நடக்கவிட வேண்டும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு செய்கிறேன். வலி ஏறும்போது கண்ணை மூடிக்கொள்வேன். போன செவ்வாய்க்கிழமை விரல்கள் முதல் தடவையாகத் தோளைத் தாண்டி ஒரு சாண் மேலே போயின. அங்கே தீ அபாய மணியின் பொத்தான் இருந்தது. நானூறு பேரையும் வெளியே வெயிலில் வரிசையாக நிறுத்தி எண்ணினார்கள். ஓர் ஆள் குறைந்தது. மேனேஜர் கழிப்பறையில் இருந்தார்.

உன் கூடப் பிறக்காத தங்கச்சி,
மஞ்சுளா