பஸ்ஸா வந்து சொன்னது?

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மருமகளும் சிட்டுவும் அப்படியே இருக்க வேண்டும். உடம்புக்கு என்றுதான் எழுதியிருக்கிறேன், கவனி. மனசு ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்ததிலிருந்து கொதித்துக்கொண்டிருக்கிறது. போனிலேயே திட்டியிருப்பேன், ஆனால் போனில் திட்டினால் நீ சரிப்பா சரிப்பா என்று சொல்லி வைத்துவிடுவாய், ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுகிற ஆள் நீ. காகிதமாக இருந்தால் இன்னொரு தரமாவது எடுத்துப் படிப்பாய். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் வயசு என்று நினைக்காதே, கோபம்தான்.

நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், தப்பிருந்தால் திருத்து. புதன்கிழமை பள்ளிக்கூடத்தை மதியமே விட்டுவிட்டார்கள், கூட்டிவர யாரும் போகவில்லை, ஏழு வயசுக் குழந்தை வாட்ச்மேன் நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் ரோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அடுத்து நீ சொன்னாயே ஒன்று, அவளுக்கு இப்பல்லாம் ஒண்ணுமே ஞாபகம் இருக்கறதில்லப்பா, வேலையை விடச் சொல்லி நீங்க பேசுங்க, நீங்க சொன்னா கேப்பா என்று. அவளும் அழுதுகொண்டே ராஜினாமாக் கடிதம் எழுதி வைத்திருக்கிறாள், மாசக் கடைசியில் கொடுத்துவிடுவாள் என்று நல்ல சேதி மாதிரி வேறு சொன்னாய். பள்ளிக்கூடத்தில் முன்கூட்டியே சொல்லவில்லையா என்று கேட்டேன். இரண்டு பேர் போனுக்கும் மெசேஜ் வந்தது என்றாய். நீ பார்த்தாயா என்றேன். பார்த்தேன், கட்டைவிரல் படம்கூடப் போட்டேன், அவ பாத்துப்பான்னு நெனச்சேன் என்றாய். ஏண்டா, அப்படியென்றால் மறந்தது எத்தனை பேர்? வேலையை விட வேண்டியது எத்தனை பேர்? கட்டைவிரலைக் காட்டியவன் நீ, கண்ணைக் கசக்கிக்கொண்டு கடிதம் எழுதுகிறவள் அவளா?

உன் மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஒரு நாளைக்கு இருநூறு குழாய்களைக் கையாளுகிறாள். ஒருவர் ரத்தம் இருக்கும் குழாயில் இன்னொருவர் பெயர்ச் சீட்டை ஒட்டினால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். ஒன்பது வருஷத்தில் ஒரு சீட்டு மாறியதில்லை. அந்தப் பெண்ணுக்கா மறதி? அம்மா திங்கட்கிழமை அவளோடு பேசினாள். அவள் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, என் மேலதான் அத்தை தப்பு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்றைக்குக் காலையில் தலைக்குள் என்னவெல்லாம் ஓடியது என்று அம்மா துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் வந்தது. சிட்டுவின் பல் டாக்டரை வியாழனிலிருந்து வெள்ளிக்கு மாற்ற வேண்டும், தண்ணீர்க் குழாய் ரிப்பேர்க்காரர் வரும்போது வீட்டில் யார் இருப்பது, அவளுடைய அப்பாவின் கண் சொட்டு மருந்து தீர்ந்திருக்குமோ, உன் பாஸ்போர்ட் முடிய இன்னும் மூன்று மாசம்தான், சனிக்கிழமை எவனோ ஒரு பையனின் பிறந்த நாளுக்கு என்ன வாங்குவது, துவைக்கிற சோப்பு இல்லை, குழந்தைக்கு ஷூ இறுக்குகிறது. உன் பாஸ்போர்ட்டடா! அது முடிகிற தேதி உனக்குத் தெரியுமா? இதோடு அவள் இருநூறு குழாய்க்கும் சீட்டு ஒட்டினாள். இத்தனைக்கு நடுவில் அந்தப் பள்ளிக்கூட மெசேஜ் ஒன்றே ஒன்று நழுவியது, அதையும் நீ பார்த்துவிட்டு நழுவ விட்டாய்.

நானும்தான் உதவி செய்கிறேனே, சொன்னால் செய்கிறேனே என்று நீ அலுத்துக்கொண்டாய். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு உன்மேல் வந்த கோபத்தில் பாதி என்மேலேயே திரும்பிவிட்டது, ஏனென்றால் அது என் வார்த்தை. நாற்பது வருஷம் இந்த வீட்டில் நான் சொன்னதை நீ கேட்டு வளர்ந்திருக்கிறாய். போன வருஷம் பெரியம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனபோது அம்மா பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்தாள் அல்லவா, அங்கிருந்து தினமும் ஐந்து தடவை எனக்குப் போன் வரும். மாத்திரை போட்டீர்களா, பால்காரருக்கு நாளைக்கு வேண்டாம் என்று சொன்னீர்களா, மாடியில் துணி காய்கிறது, மேகம் கட்டுகிறது. நானும் ஒவ்வொன்றையும் செய்துவிட்டு வீட்டையே தூக்கி நிறுத்தியவன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருந்தேன். ஒருநாள் அவள் போன் செய்யவில்லை, அக்காவுக்குக் காய்ச்சல். அன்றைக்கு என் பிரஷர் மாத்திரை தீர்ந்துபோயிருந்தது, அடுத்த நாள் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டேன். அவள் ஓடி வந்தாள். வந்தவளிடம் நான் வாய் கூசாமல், நேத்தே சொல்லியிருந்தா வாங்கியிருப்பேனே என்றேன். உன் அம்மா பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"ஏங்க, முப்பத்தோரு வருஷம் டிப்போ ஸ்டோர்ல இருந்தீங்களே, பிரேக் தேயப்போகுதுன்னு பஸ்ஸா வந்து உங்ககிட்ட சொல்லுச்சு?"

நினைவு வைத்துக்கொள்வதுதானே என் வேலையாக இருந்தது, எது எப்போது தேயும், எது இன்னும் எத்தனை நாள் தாங்கும், வாய் திறந்து யாரும் கேட்பதற்கு முன்னால் ஸ்பேர் வந்து ராக்கில் இருக்க வேண்டும். அதற்கு ஒரு அறை, ஒரு மேசை, வாரத்துக்கு ஒருநாள் லீவு, ரிட்டயர் ஆனபோது சால்வை. அதே வேலையை லீவே இல்லாமல் வீட்டில் செய்தவளுக்கு நான் கொடுத்தது, சொல்லியிருந்தா செஞ்சிருப்பேனே. உனக்கு நான் சொத்தாக விட்டுப் போவதும் இந்த ஒரு வாக்கியம்தானா என்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அதனால் நான் மருமகளிடம் பேசப்போவதில்லை, உன்னிடம்தான் பேசுகிறேன். டிப்போவில் லீவில் போகும்போது சார்ஜ் ஒப்படைப்போம். சாவியைக் கொடுத்து கையெழுத்து வாங்கிவிட்டால் அதற்குப் பிறகு ஒரு நட்டு குறைந்தாலும் வாங்கினவன் பாடு. கொடுத்தவனுக்குப் போன் போட்டு இது எங்கே அது எங்கே என்று கேட்டால் அவனுக்கு லீவும் இல்லை, இவனுக்கு மானமும் இல்லை. நீ செய்கிற உதவி ஒப்புக்குச் சப்பாணி. சிட்டுவின் பள்ளிக்கூடம் மொத்தத்தையும் நீ சார்ஜ் எடு. மெசேஜ், ஷூ, தடுப்பூசி, பிறந்த நாள் பையன்கள், எல்லாம். பள்ளி ஆபீஸில் முதல் போன் நம்பராக உன் நம்பரைப் போடச் சொல். அவளைக் கேட்காதே, அவள் ஞாபகப்படுத்தட்டும் என்று மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு நிற்காதே. ஒன்றிரண்டு கோட்டை விடுவாய். நானும் விட்டேன், கேஸும் மாத்திரையும் இப்போது என் சார்ஜ், போன மாசம் சோறு பாதி வேகும்போது கேஸ் தீர்ந்தது, அம்மா பேப்பர் படித்துக்கொண்டே இருந்தாள், வாயே திறக்கவில்லை. மூன்று நாள் பிரெட் தின்றோம், யாரும் செத்துப்போகவில்லை. அந்த ராஜினாமாக் கடிதத்தை மாசக் கடைசிக்கு முன்னால் நீயே அவள் எதிரில் கிழித்துப் போடு. கிழிக்க மனசு வரவில்லை என்றால் பக்கத்தில் உன்னுடைய கடிதத்தையும் எழுதி வைத்துப் பார், ஒரு வரியாவது எழுத வருகிறதா என்று.

பெரியம்மா இப்போது கம்பில்லாமல் நடக்கிறாள். பின்பக்கச் சுவரில் ஈரம் இறங்குகிறது, ஆள் வரச் சொல்லியிருக்கிறேன், நீ கவலைப்பட வேண்டாம். குளிரில் தலையை மூடாமல் வெளியே போகாதே. ஞாயிற்றுக்கிழமை போனில் சிட்டுவின் இருமல் என்னாயிற்று, மருமகளின் முதுகுவலி தேவலையா என்று நான் ஞாபகமாகக் கேட்பேனே, அதெல்லாம் அம்மா பக்கத்தில் நின்று விரலை மடக்கிக் காட்டிக் கேட்க வைத்தது. இந்தக் கடிதம் நானே யோசித்து எழுதியது, அவள் உள்ளே மத்தியானத் தூக்கம் தூங்குகிறாள். ஏதாவது விசாரிக்க விட்டுப்போயிருந்தால் தப்பு என்னுடையது. மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், மருமகளுக்கும் குழந்தைக்கும் என் ஆசிகள், உனக்கும்தான்.

குழந்தைக்கு ஷூ வாங்கி அனுப்பலாம் என்று இருக்கிறேன். சைஸ் எழுதி அனுப்பு. மருமகளைக் கேட்டு எழுதாதே, சிட்டுவைக் கூப்பிட்டு உட்கார வைத்து, காலை எடுத்து உன் மடியில் வைத்து அளந்து எழுது. உன் கால் அளவு எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை.

இன்னும் கோபம் ஆறாத,
உன் அப்பா