ஏழாவது கிரீனின் பழைய ஓரம்

ஏரல்
3 ஆகஸ்ட் 2025

அன்புள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

போனில் கண் என்று வாயெடுத்தாலே "சிக்னல் இல்ல புள்ள" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். இதை நடுவில் வைக்க முடியாது பாருங்கள். எழுத்து தெரியாவிட்டால் பெரிதாக்கிப் படியுங்கள்.

மாமியும் மர்வாவும் நானும் சுகம். மர்வாவுக்குப் பரீட்சை நடக்கிறது. "மலேசியால வாப்பா குழி வெட்டுதாவளா, மூடுதாவளா?" என்று அவள் சிநேகிதிகள் கேட்கிறார்களாம். கோல்ஃப் மைதானத்தில் பொக்லைன் வேலை என்று சொன்னால் யாருக்கு விளங்குகிறது?

லீவில் வந்திருந்தபோது நீங்கள் டம்ளருக்கு வெளியே டீயை ஊற்றியதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். திருநெல்வேலி டாக்டர் சொன்னதை நீங்களும்தான் கேட்டீர்கள். சர்க்கரையால் இடது கண்ணுக்குள் ரத்தம் கசிகிறது, ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள், போன பார்வை திரும்பாது என்றார். "ஒரு வேல பாக்கி கெடக்கு, முடிச்சிட்டு வந்துருதேன்" என்று விமானம் ஏறிவிட்டீர்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை மச்சான். என்றைக்கு வருகிறீர்கள்?

உங்கள்
ரைஹானத்

*

9 ஆகஸ்ட்

அன்பு ரைஹானாவுக்கு, வஅலைக்குமுஸ்ஸலாம்.

அடேயப்பா, கடிதம் எழுதுகிற அளவுக்குக் கோபமா! சரி, நானும் எழுதுகிறேன்.

மர்வாவிடம் சொல், வாப்பா மூடின குழியைத் திறக்கிறேன் என்று. இந்த மைதானம் வெள்ளைக்காரன் காலத்தது. கொடி நட்டு, புல்லை ஒட்ட வெட்டி வைத்திருக்கும் இடம் கிரீன். அதைச் சுற்றி வேண்டுமென்றே வெட்டிய மணல் பள்ளம் பங்கர். அதில் பந்து விழுந்தால் எடுப்பதற்குள் ஆள் வேர்த்து விடுவான். பின்னால் வந்தவர்கள் கஷ்டமாக இருக்கிறது என்று மண்ணைப் போட்டுப் பாதியைத் தூர்த்துவிட்டார்கள். புல் வெட்டியவர்களும் ஓரத்தைத் தொடப் பயந்து உள்ளே தள்ளித் தள்ளி வெட்டியதில் கிரீனே சுருங்கிவிட்டது. இப்போது மைதானத்தைப் புதுப்பிக்க வந்த மேடம் ஒருவர் பழைய படங்களை வைத்துக்கொண்டு எல்லாம் முன்போல் வரவேண்டும் என்கிறார்.

நான் பல் இல்லாத பக்கெட்டால் மேல்மண்ணைப் பையச் சீவுவேன். அடியில் பழைய மணல் வெளிறிப்போய்த் தெரியும். அங்கேயே நிறுத்த வேண்டும். ஒரு விரற்கடை கூடப் போனாலும் பழைய வடிவம் போச்சு. நம்ம அம்பாசமுத்திரம் சொரிமுத்து மண்வெட்டியோடு பள்ளத்துக்குள் நின்று, "போதும் அண்ணாச்சி" என்று கை காட்டுவான். இந்த வேலைக்கு நாசர்தான் வேண்டும் என்று மேடம் எல்லார் முன்னாலும் சொன்னார். கேட்க எப்படி இருந்தது தெரியுமா?

ஏழாவது கிரீன் ஒன்றுதான் பாக்கி. ஊசி என்று ஆரம்பித்தால் கம்பெனி டாக்டருக்குத் தெரிந்துவிடும். அப்புறம் என் ஆயுசுக்கும் யாரும் என்னை மெஷினில் ஏற்ற மாட்டார்கள். லீவர் பிடித்த கைக்கு வேறு என்ன வேலை தெரியும், சொல்? வலது கண் நன்றாகத்தான் இருக்கிறது. துஆ செய்.

நாசர்

*

ஏரல்
21 ஆகஸ்ட்

அன்புள்ள மச்சானுக்கு,

மேலப்பாளையத்துக் கல்யாணத்துக்குப் போனேன். உங்கள் போர்மேன் அலி அஸ்கர் காக்காவின் வீட்டுக்காரி, ஃபஹ்மிதா லாத்தா, பத்தமடையிலிருந்து வந்திருந்தாள். சாப்பிடும்போது சொன்னாள்: "ஒம் மாப்பிள்ளைக்கு என்னாச்சு? பக்கெட்டு கிரீனுக்குள்ள போயி ஒரு மொழம் புல்லப் பிச்சுட்டாம்லா. மெசின்ல கோளாறுன்னு இவுக சொல்லுதாவ." நான் சிரித்துவிட்டு சோற்றுச் சஹனைத் தள்ளி வைத்துவிட்டேன்.

விரற்கடைக்கு அவ்வளவு எழுதினீர்களே, ஒரு முழம் எப்படிப் போனது மச்சான்? மெஷினுக்கா கோளாறு? புல் போனால் போகட்டும். அந்த நேரத்தில் சொரிமுத்து எங்கே நின்றார்? இது ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள்.

ரைஹானத்

*

24 ஆகஸ்ட்

ரைஹானா,

உன்னிடம் பொய் சொல்ல எனக்கு வராது. சொரிமுத்து பள்ளத்துக்குள்தான் நின்றான். தள்ளி நிற்பதாக எனக்குத் தெரிந்தது. பக்கெட்டை இறக்கினேன். "ஏய், நிறுத்தும் வே!" என்று கத்திக்கொண்டு துள்ளி விழுந்தான். அவன் நின்ற இடத்தில் பக்கெட் இறங்கி, கிரீன் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டு நின்றது. அவன் யாரிடமும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. மெஷினில்தான் கோளாறு என்று அவனே சொல்லிவிட்டான். அன்று பொழுது சாயும்வரை வீட்டுக்குப் போன் போட்டுப் பிள்ளைகளோடு பேசிக்கொண்டே இருந்தான்.

இப்போது தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் ஓட்டுகிறேன். இன்னும் பத்துப் பதினைந்து நாள்தான். அலி அஸ்கர் காதுக்கு ஒரு வார்த்தை போனாலும் நான் தொலைந்தேன். ஒன் கால்ல விழுந்து கேக்குதேன் புள்ள, வாயைத் திறந்துராதே.

நாசர்

*

ஏரல்
25 ஆகஸ்ட்

மச்சானுக்கு,

சொல்லிவிட்டேன்.

சுபுஹு தொழுதுவிட்டு அலி அஸ்கர் காக்காவுக்கு நான்தான் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். "சாவிய இப்பவே வாங்கிருதேன் தங்கச்சி" என்றார்.

உங்கள் கண் மட்டும்தான் விஷயம் என்றால் இன்னும் அழுது கெஞ்சிக்கொண்டு கிடந்திருப்பேன். சொரிமுத்துவின் வீட்டுக்காரியை நான் பார்த்ததுகூட இல்லை. அவள் புருஷனுக்கு ஒன்று என்றால் நான் எந்த முகத்தோடு போய் நிற்பேன்? தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு இருந்தவள் நானல்லவா?

திட்டுங்கள். பேசாமல் இருங்கள். மெஷினில் மட்டும் ஏறாதீர்கள்.

ரைஹானத்

*

ஏரல்
31 ஆகஸ்ட்

மச்சான், போனும் இல்லை, கடிதமும் இல்லை. ஃபஹ்மிதா லாத்தாவிடம் கேட்டுத்தான் நீங்கள் சாப்பிடுகிறீர்கள் என்று தெரிந்துகொள்கிறேன். மர்வா என் முகத்தையே பார்க்கிறாள். ஒரு வரி எழுதினால் போதும்.

*

4 செப்டம்பர்

ரைஹானத்துக்கு,

எழுதி எழுதிக் கிழித்தேன். எல்லார் முன்னாலும் அலி அஸ்கர் சாவியை வாங்கினார். என் மானம் போச்சு. அன்று உன்மேல் வந்த ஆத்திரத்தில் சொல்லக்கூடாத வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அல்லாஹ்தான் காப்பாற்றினான்.

புது ஆபரேட்டர் மலாய்க்காரர். பழைய மணல் எங்கே தொடங்கும் என்று அவருக்குத் தெரியவில்லை, சொரிமுத்து காட்டினாலும் புரியவில்லை. மனசு கேட்காமல் நானே பள்ளத்துக்குள் இறங்கினேன். பக்கெட் மேலே வந்து நின்றபோது குனிந்து உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருஷம் மேலே உட்கார்ந்திருந்தவனுக்குக் கீழே நிற்பது எப்படி என்று தெரியவே தெரியாது. ஒருமுறை அது இடப்பக்கமாக வந்ததை நான் பார்க்கவே இல்லை. அவர் நிறுத்திவிட்டுக் கத்தினார். திரும்பினால் தோளுக்குப் பக்கத்தில் இரும்பு. சொரிமுத்து ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

கிரீன் முடிந்தது. பிய்ந்த இடத்தில் வேறு புல் பதித்திருக்கிறார்கள், பிடித்துக்கொள்ளும் என்கிறார்கள். எட்டாம் தேதி திருச்சியில் இறங்குகிறேன். நீ செய்தது சரி என்று என் வாயால் வராது, கேட்காதே. உன்னோடு பேச இன்னும் மனசு வரவில்லை.

கண்ணுக்குள்ளேயே ஊசி போடுவார்களாமே. எனக்குப் பயமாக இருக்கிறது ரைஹானா. உள்ளே கூப்பிடும்போது நீயும் வா. இடப்பக்கமாக நின்றுகொள்.

நாசர்